அபசகுனத்துக்கு யார் காசு கட்டுவது?

யாழ்ப்பாணத்தில் கலியாண மண்டபம் பதிவு செய்யப் போகிற எவராவது மண்டபக்காரரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கட்டும்: கலியாணம் நின்றுபோனால் இந்த முற்பணத்துக்கு என்ன கணக்கு? அவர் வாய் திறப்பதற்கு முன்னரே கூட வந்த பெரியம்மா முந்திக்கொள்வார். "சும்மா இரு தம்பி, நல்ல காரியத்திலை உதென்ன அபசகுனக் கதை?" மண்டபக்காரர் சிரித்துக்கொண்டே பற்றுச்சீட்டை எழுதி நீட்டுவார். அதன் அடியில், 'முற்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது' என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும். பெரியம்மா கேட்கவிடாத கேள்விக்கு மண்டபக்காரர் தன் பக்கத்துப் பதிலை ஆயிரக்கணக்கில் அச்சடித்து வைத்திருக்கிறார். வாய்விட்டுக் கேட்டால்தான் அபசகுனம். அச்சில் இருந்தால் இல்லை.

நாள் பார்ப்பது மூடநம்பிக்கை என்று எழுதி யாரையும் திருத்தும் எண்ணம் எனக்கில்லை. அதை எத்தனையோ பேர் எழுதியாயிற்று. எழுதியவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளுக்கு நாளும் பார்த்தாயிற்று. "நம்புகிறவன் நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கென்ன நட்டம்?" என்று படித்தவர்கள் பெருந்தன்மையாகச் சொல்வார்களே, அந்தப் பெருந்தன்மையோடுதான் எனக்கு வழக்கு. நட்டம் இருக்கிறது. அது நம்பியவனின் கணக்கில் விழாமல், அவன் வீட்டுக் கலியாணத்தில் கிடாரம் கழுவுகிற பெண்ணின் கணக்கில் விழுகிறது.

முதலில் சந்தை எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ஆடியில் கலியாணம் இல்லை. மார்கழியில் இல்லை. செவ்வாயும் சனியும் ஆகாது. அட்டமி, நவமி ஆகாது. மிஞ்சியதில் மாப்பிள்ளை பொம்பிளையின் குறிப்புக்கு ஒவ்வாத நட்சத்திரங்களைச் சாத்திரியார் கழித்துவிடுவார். இதற்குள் பஞ்சாங்கம் வேறு இரண்டு: கொக்குவில் இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு பக்கம், மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் மறு பக்கம். சித்திரைப் புத்தாண்டு எத்தனை மணிக்குப் பிறக்கிறது என்பதிலேயே இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஒரே வானம், ஒரே சூரியன். ஆனாலும் எந்த வீட்டுக்கு எந்தப் பஞ்சாங்கம் என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. அப்பா பார்த்ததைத்தான் மகனும் பார்க்கிறார்.

இந்த நாட்காட்டிக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். கலியாணம் வளவுக்குள் பந்தல் போட்டு நடந்த நாட்களில், கார்த்திகை மார்கழி மழையில் பந்தல் நிற்காது. ஆடியில் சோளகக் காற்று ஓலையைப் பிய்க்கும். தையில் அறுவடை முடிந்தால் வீட்டில் நெல்லும் கையில் காசும் இருக்கும். ஆகவே தை பிறந்தால் வழி பிறந்தது. இன்று மண்டபத்துக்குக் கொங்கிரீட் கூரை. காசு வயலிலிருந்து வருவதில்லை, ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் வருகிறது. காரணம் போய்விட்டது, கட்டளை மட்டும் நிற்கிறது.

நின்றதோடு விடவில்லை, முன்னிலும் இறுகிவிட்டது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் பள்ளிக்கூட விடுமுறை யூலை, ஓகஸ்ட். ஆடி மாதம் யூலை நடுவில் தொடங்கி ஓகஸ்ட் நடுவில் முடிகிறது. விடுமுறையின் நடுப்பகுதியை ஆடி தின்றுவிட, பெரும்பாலோருக்கு மிஞ்சுவது ஓகஸ்டின் கடைசி இரண்டு கிழமை. நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழா முடிவதும் அநேகமாக அந்தப் பக்கம்தான். அதற்கு வந்த சனத்துக்கே தங்குமிடமும் வானும் காணாது. அந்த இரண்டு கிழமைக்குள் இருக்கிற நாலைந்து நாளுக்குத்தான் மண்டபம், சமையல், மணவறைச் சோடனை, மேளம், வீடியோ, முக அலங்காரம், ஐயர் அத்தனைக்கும் அடிபிடி. ஐயர் காலையில் ஒரு கலியாணம் முடித்து அடுத்ததுக்கு மோட்டார் சைக்கிளில் பறந்து வருவார்; வரப் பிந்தினால் சுபமுகூர்த்தம் அவருக்காகக் கொஞ்சம் நீளும். தாலி ஏறிய பிறகு வீடியோக்காரப் பெடியன், "அண்ணை, இன்னொருக்காக் கையைக் கழுத்தடியிலை வைச்சுப் பிடியுங்கோ" என்பான். நிமிடக் கணக்கில் பார்த்து வைத்த நேரம் வீடியோவின் வசதிக்கு இரண்டாம் தரம் வரும். சிரிக்காமல் நிற்பது கஷ்டம்.

இப்படிப்பட்ட நாளில் மண்டபக்காரர் வாடகையை ஏற்றுவது அநியாயமா? இல்லை என்றே சொல்வேன். சேவைத் தொழிலில் சரக்கை அடுக்கி வைத்துப் பிறகு விற்க முடியாது. இன்றைக்கு விற்காத சவர்க்காரத்தை நாளைக்கு விற்கலாம். இன்றைக்குப் பூட்டிக் கிடந்த மண்டபத்தை நாளைக்கு விற்க முடியாது. விமான நிறுவனங்கள் ஒரே ஆசனத்துக்கு நாளுக்கொரு விலை சொல்வதும் இதனால்தான். வசதிக்காக ஒரு கணக்குப் போடுவோம், எண்கள் நானே இட்டவை. ஒரு மண்டபத்துக்குக் கடன் தவணை, காவலாளி, மின்சாரம், திருத்த வேலை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 72 இலட்சம் செலவு என்று வையுங்கள். ஆண்டில் 60 கலியாணம் நடந்தால் ஒவ்வொன்றின் தலையிலும் 1,20,000 ரூபாய் ஏறும். 120 நடந்தால் 60,000. எல்லாரும் ஒரே நாளில்தான் வேண்டும் என்று நிற்கிற ஊரில் அந்த மற்ற 60 கலியாணம் ஒருநாளும் வராது. ஆக, மண்டபக்காரர் கூடக் கேட்கிற காசு நாங்கள் நாள் பார்த்ததற்கு நாங்களே போட்டுக்கொண்ட வரி. அவரைத் திட்டுவதில் பொருளில்லை.

திட்ட வேண்டிய இடம் இரண்டு உண்டு. ஒன்று, விலையைப் பலகையில் போடாமல் ஆளைப் பார்த்துச் சொல்வது. பெண் வீட்டார் சுவிஸ் என்று தெரிந்த கணத்தில் தொகை ஏறும், இடையில் நின்று பேசிவிட்ட தரகருக்கு ஒரு பங்கு போகும், உள்ளூர் ஆசிரியர் குடும்பமும் அதே ஏறிய விலைக்குத் தோள் கொடுக்க வேண்டி வரும். இது அப்பட்டமான ஏய்ப்பு. இதில் தத்துவம் எதுவும் இல்லை. இரண்டாவதுதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. விலையை ஏற்றத் தெரிந்த ஊருக்கு ஆபத்தை விலையில் சேர்க்கத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, வாய் வரவில்லை என்பது சரி.

2020 மார்ச் 20ஆம் திகதி கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்கள். அதற்குப் பின்னான நாட்களுக்கும் கலியாணங்கள் பதிவாகித்தான் இருந்தன. எல்லாம் நல்ல நாட்கள், பொருத்தம் பார்த்து வைத்தவை. அடுத்த ஆண்டு இன்னும் விசேஷம். ஆடி முடிந்து ஆவணி பிறந்த அதே கிழமையில், 2021 ஓகஸ்ட் நடுப்பகுதியில், வீடுகளிலும் மண்டபங்களிலும் கலியாணம் நடத்தவே தடை வந்தது. ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை நாடு முடங்கியது. ஆடி கழியட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்த அத்தனை பேருக்கும் ஆவணி கதவைச் சாத்தியது. சாத்திரம் தெரியாமல் ஆடியிலேயே செய்தவன் ஒருவன் இருந்திருந்தால், அவன் தப்பியிருப்பான்.

பஞ்சாங்கம் கொரோனாவை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று நான் நக்கலடிக்க வரவில்லை. பொருளாதார மேதைகளும் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லாதது குற்றமில்லை. சொல்லிவிட்டார்கள், நாள் பார்த்தாயிற்று, இனிப் பயமில்லை என்று நினைத்து வேறு ஆயத்தம் ஒன்றும் செய்யாமல் இருந்தோமே, அதுதான் குற்றம். நல்ல நேரம் என்பது எங்களுக்குக் காப்புறுதி மாதிரி. காப்புறுதிக் கம்பனி என்றால் நட்டம் வந்தால் காசு தரும். இது தராது.

2022ஐ ஒரு சமையல்காரர் வழியாகச் சொல்கிறேன். கோண்டாவில் பக்கத்து ஆள். மாமரத்தின் கீழ் கிடாரங்கள் கவிழ்த்திருக்க, அகப்பைகளும் தாச்சிகளும் அடுக்கிய கொட்டில் ஒன்று அவருக்கு உண்டு. அந்தத் தையில் ஒரு கலியாணம் பேசினார். நாள் ஆவணியில். ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று கொப்பி ஒற்றையில் எழுதி, தேசிக்காயும் வெற்றிலையுமாக முற்பணம் வாங்கினார். அப்போது 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபாய். ஏப்ரல் கடைசியில் அது 4,860 ஆயிற்று, அந்த விலைக்கும் வரிசையில் நின்றுதான் எடுக்க வேண்டும். தையில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபாய், யூன் கடைசியில் 460. இடையில், மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே கையை விரித்தது. எண்ணெய், பருப்பு, சீனி விலையைச் சொல்லத் தேவையில்லை, அந்த ஆண்டில் அடுப்படிக்குள் போனவர்களுக்கு அது மறக்காது.

சமையல்காரர் பேசிய விலைக்கே சமைத்துக் கொடுத்தார். கூட்டிக் கேட்டிருக்கலாமே என்றேன். "கலியாண வீட்டு முத்தத்திலை நிண்டு காசுக் கதை கதைக்கேலுமே தம்பி? பேசினது பேசினதுதான்." பிறகு என்ன செய்தீர்கள்? எட்டுப் பேர் நிற்கிற வேலைக்கு ஐந்து பேரை வைத்தார். விறகடுப்புக்கு மாறினார். ஐந்து பேரும் முதல் நாள் பின்னேரம் தொடங்கி மறுநாள் மத்தியானம்வரை கண் மூடவில்லை. நாட்கூலி பழைய நாட்கூலிதான்.

அந்தக் கலியாணத்தின் மறுபக்கம் இன்னும் சுவாரசியமானது. மாப்பிள்ளையின் தமையன் கனடாவிலிருந்து செலவு செய்தார். மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 203 ரூபாய் அளவில் இருந்தது. மே மாத நடுவில் 360 ரூபாய். கனடா டொலருக்கும் அதே விகிதம்தான். ரூபாயில் பேசிய தொகை மாறவில்லை. ஆகவே டொலரில் பார்த்தால் கலியாணச் செலவு பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. நாடு வங்குரோத்தானதில் வாடிக்கையாளருக்கு இலாபம், சமையல்காரருக்கு நட்டம், கிடாரம் கழுவுகிற பெண்ணுக்கு வேலையே இல்லை. மூவரும் நம்பியிருந்தது ஒரே கலியாணத்தைத்தான். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பேசியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும் ஒரு விசயம்: காஸ், அரிசி, எண்ணெய், பருப்பு நாலும் இவ்வளவுக்கு மேல் ஏறினால் சாப்பாட்டு விலையும் இவ்வளவு ஏறும். ஏன் பேசவில்லை? நல்ல காரியம் பேச வந்த இடத்தில் கெட்டது நடந்தால் என்று தொடங்குவது வாய்க்குற்றம்.

இந்த வாயடைப்புக்குச் சகுனம் மட்டும் காரணமில்லை என்பது என் ஐயம். யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் வேலை செய்தவர்கள் விலை சொல்லிப் பழகியவர்கள் அல்லர். வெள்ளை கட்டியவரும், மாப்பிள்ளைக்குச் சவரம் செய்தவரும் குடிமை என்ற சாதித் தொழிற் கடமையில் கட்டுண்டு கிடந்தார்கள். இவ்வளவு தாருங்கள் என்று கேட்பது அவர்களுக்கு உரிமையாக இருந்ததில்லை. கேட்டால் அது திமிர். கொடுத்ததை வாங்கிக்கொண்டு, வாழ்த்திவிட்டுப் போக வேண்டும். அந்தக் குடிமை பெரும்பாலும் ஒழிந்துவிட்டது, சலூனில் விலைப்பட்டியல் தொங்குகிறது, நல்லது. கலியாண வீட்டுக்குள் மட்டும் பழைய காற்று இன்னும் வீசுகிறது. வேலை செய்பவன் நிபந்தனை சொன்னால் முகம் சுளிக்கிற வழக்கம் சாதியிலிருந்து வந்தது. அதற்கு 'மங்கலம்' என்று ஒரு பட்டுத்துணியைப் போர்த்தியிருக்கிறோம். போர்வையை உருவினால் உள்ளே இருப்பவர் பழைய எசமான், நயினார்தான்.

'எங்கள் பண்பாட்டில் கலியாணத்தின்போது சாவையும் முறிவையும் பேசமாட்டோம்' என்பவர்களுக்கு இந்த ஊரின் சொந்தச் சட்டத்தையே எடுத்துக் காட்டலாம். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் இங்குள்ள வழக்கங்களைத் திரட்டி 1707இல் தேசவழமையாக எழுதி முடித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்துச் சரி என்றார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பில் பெரிய பகுதி எதைப் பற்றியது? பிள்ளையில்லாமல் பெண் இறந்தால் சீதனம் யாருக்குத் திரும்பிப் போகும், தாய் இறந்து தகப்பன் மறுமணம் செய்தால் பிள்ளைகளின் ஆதனம் யார் கையில், விதவை மறுபடி கட்டினால் என்ன. கலியாணத்தில் நடக்கக்கூடிய ஒரு கெடுதியையும் விட்டுவைக்கவில்லை. இன்றும் சீதன உறுதி எழுத நொத்தாரிசிடம் போகும்போது யாரும் காதைப் பொத்துவதில்லை. எல்லை என்ன, கிணற்றில் பங்கு எத்தனை, பாதை யாருக்கு, தாய் தகப்பனுக்குச் சீவிய உரித்து உண்டா என்று ஒவ்வொரு வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள்.

சீவிய உரித்து என்றால் என்ன? பெற்றவர்கள் சாகும்வரை அனுபவிக்கும் உரிமை. கலியாணத்துக்கு முதல்நாள் சாவைப் பற்றி ஒப்பந்தம் எழுதிவிட்டு, மறுநாள் சமையல்காரனிடம் 'அபசகுனமாகக் கதைக்காதே' என்கிற சமூகம் இது. காணிக்கு அபசகுனம் இல்லை, கூலிக்குத்தான் இருக்கிறது.

நாள் நின்றுபோகிற பிரச்சினை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 1902 யூனில் லண்டனில் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலம். அதைவிட மங்கலமான நாள் அந்த ஊரில் இருக்க முடியாது. ஊர்வலம் போகிற வீதியில் ஹென்றி என்பவர், கிரெல் என்பவரின் அறைகளை இரண்டு நாளுக்கு 75 பவுணுக்குப் பேசி, 25 பவுண் முற்பணம் கட்டினார். மன்னருக்குக் குடல்வால் அழற்சி வந்து ஊர்வலம் ஒத்திப்போயிற்று. மிச்சம் 50 பவுணைத் தா என்றார் கிரெல். நீதிமன்றம் 1903இல் சொன்னது: ஊர்வலம் பார்ப்பதற்காகவே பேசிய ஒப்பந்தம், ஊர்வலம் இல்லாமற்போனதும் அடிப்படையே போய்விட்டது, மிச்சப் பணம் தர வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்புச் சரியா பிழையா என்று சட்ட மாணவர்கள் இன்றுவரை சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு வேண்டியது அந்தச் சண்டைதான். நட்டம் வந்தது, யாருடையது என்று வெளிப்படையாகக் கேட்டார்கள், பதில் எழுதி வைத்தார்கள். அடுத்தவன் ஒப்பந்தம் எழுதும்போது அதைப் பார்த்து எழுதினான். எங்கள் ஊரில் 2020இலும் 2021இலும் முற்பணம் பற்றி எத்தனை வீடுகளில் முகமுறிவு நடந்தது! அதிலிருந்து ஒரு வழக்கமாவது பிறந்ததா? பற்றுச்சீட்டின் அடிவரி இன்னும் அதே சின்ன எழுத்தில்தான் இருக்கிறது.

நட்டத்தில் பங்கே இல்லாத ஒருவர் இந்தத் தொழிலில் இருக்கிறார். நாள் வைத்துக் கொடுத்த சாத்திரியார். மண்டபக்காரருக்குக் கடன் இருக்கிறது, சமையல்காரருக்கு விலையேற்றம் இருக்கிறது, வீடியோக்காரருக்குக் கமெராத் தவணை இருக்கிறது. சாத்திரியார் வெற்றிலைத் தட்டில் வைத்த காசை எடுத்ததோடு சரி. அவர் குறித்த நாளில் ஊரடங்கு வந்தால் தட்சணையில் பாதியைத் திருப்பித் தருவாரா? மற்ற எல்லாரிடமும் பேரம் பேசுகிற குடும்பம் அவரிடம் மட்டும் உத்தரவாதம் கேட்பதில்லை.

கேட்ட ஒருவர் இருந்தார். ஆபிரகாம் கோவூர், திருவல்லாவில் பிறந்தவர், 1920களின் இறுதியில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்தவர். 1963இல் அவர் ஓர் அறிவித்தல் விட்டார்: தெய்வசக்தி, மந்திரசக்தி என்று எதையாவது ஏமாற்றில்லாத நிபந்தனையில் செய்து காட்டுகிறவருக்கு ஓர் இலட்சம் ரூபாய். அந்தக் காலத்து இலட்சம். முன்வருகிறவர் ஆயிரம் ரூபாய் வைப்புக் கட்ட வேண்டும். தோற்றால் அது போச்சு. 1978இல் அவர் இறக்கும்வரை அந்த இலட்சத்தை ஒருவரும் வாங்கிப் போகவில்லை. கோவூரை நாத்திகர், பேயோட்டிகளை ஓட்டியவர் என்று நினைவு வைத்திருக்கிறோம். எனக்கு அவர் நல்ல வியாபாரியாகத் தெரிகிறார். இல்லை என்று வாதாடிக் களைப்பதைவிட, உன் சொல்லுக்கு நீ எவ்வளவு கட்டுவாய் என்று விலை கேட்டார். அந்த ஆயிரம் ரூபாய் வைப்பில்தான் முழுக் கெட்டித்தனமும் இருக்கிறது. தன் காசு ஆபத்தில் இல்லாதவன் எதையும் சொல்லலாம்.

அதே அளவுகோலைத் தொழில் செய்கிறவர்களிடமும் வைக்க வேண்டும். கலியாணம் நின்றது என்று முற்பணத்தை முழுதாக வைத்துக்கொள்கிற மண்டபக்காரர், அதே நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் முதலாமவரிடம் என்ன நட்டஈடு கேட்க முடியும்? இரண்டு பேரிடம் ஒரே நாளை விற்றதுதானே அது. நாள் வேறெவருக்கும் போகவில்லை என்றால், வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்தக் காசுக்குள் அன்றைக்குப் பரிமாற வரவிருந்த பெடியளின் சம்பளமும், கதிரை அடுக்க வரவிருந்தவரின் சம்பளமும் இருக்கிறது. கலியாணம் நடந்திருந்தால் அவர்களுக்குப் போயிருக்க வேண்டிய காசு. 'இண்டைக்கு வேலை இல்லை, வீட்டை போங்கோ' என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, வேலை நடந்ததுபோலப் பணத்தை மட்டும் வைத்துக்கொள்வதற்கு என்ன பெயர் வைப்பது? இலங்கையில் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி 1997இலேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படி ஏறுகிற கூலியாளை நான் கண்டதில்லை.

வளர்ச்சி என்ற பெயரில் நடப்பதையும் சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009க்குப் பிறகு குடாநாட்டில் மண்டபங்கள் எழும்பின. ஒன்றைவிட ஒன்று பெரிது, ஒன்றைவிட ஒன்று குளிர். பலதும் வங்கிக் கடனில். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவரின் தவணை என்னவாயிருக்கும் என்று பாருங்கள். ஆவணியில் வரும் நாலைந்து நாள் கூட்டத்தைக் கணக்கில் எடுத்துக் கதிரைகளைக் கூட்டுவதும், மற்ற முந்நூறு நாளும் அதைப் பூட்டி வைப்பதும் வளர்ச்சியாகாது. கடைத்தெருவில் புடைவைக் கடைக்காரர் ஆடிக்கு மலிவு விற்பனை போடுகிறார், சனம் அள்ளிக்கொண்டு போகிறது. ஆடியில் வாங்கிய கூறைச் சேலைக்கு ஒரு தோசமும் இல்லை. ஆடிக் கலியாணத்துக்குப் பாதி வாடகை என்று ஒரு மண்டபக்காரர் பதாகை கட்டுவாரா? கட்டமாட்டார். மண்டபத்தையே நல்ல நேரம் பார்த்துத் திறந்தவர் அவர். தன்னுடைய பூட்டிய கதவுக்குத் தானே சாவி செய்யப் பயப்படுகிறார்.

ஆடியில் வைத்தால் சொந்தக்காரர் வரமாட்டார்கள் என்பார்கள். வராவிட்டால் சாப்பாட்டுச் செலவு குறையும் என்பது என் முதல் பதில், அதை விடுவோம். உண்மையில் இந்த விதிகள் வளையாதவை அல்ல. எங்கள் ஊரில் கடதாசி அலுவல்களுக்குக் கலியாணம் என்பது விவாகப் பதிவாளர் முன் நடக்கிற எழுத்துத்தான். எழுத்துக்கும் நேரம் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஸ்பொன்சர் அலுவல் அவசரம் என்று வெளிநாட்டிலிருந்து தொலைபேசி வந்தால் அட்டமியும் நவமியும் கண்ணுக்குத் தெரியாது. தூதரகம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் இராகு காலத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டால், 'ஐயா, இது ஆகாத நேரம், வியாழனுக்கு மாற்றுங்கோ' என்று எவரும் கடிதம் எழுதுவதில்லை. நேரத்துக்கு அரை மணி முன்னரே வாசலில் நிற்பார்கள். விசாப் படிவத்தில், முன்பு கலியாணம் முறிந்ததா, துணை இறந்தாரா என்றெல்லாம் கேள்வி இருக்கிறது. அந்த அபசகுனக் கேள்விகளுக்கெல்லாம் எழுத்துப் பிழையில்லாமல் பதில் எழுதிக் கையெழுத்து வைக்கிறார்கள். அதிகாரம் கேட்டால் பதில் வரும். சமையல்காரர் கேட்டால்தான் சகுனம் குறுக்கே வரும்.

அந்தக் கோண்டாவில்காரர் இப்போது ஒரு தாள் அடித்து வைத்திருக்கிறார். ஒரு பக்கம்தான். நாலு சாமான் விலை ஏறினால் என்ன, மூன்று மாதத்துக்கு முன் நிறுத்தினால் எவ்வளவு திருப்பித் தருவார், ஒரு கிழமைக்கு முன் நிறுத்தினால் எவ்வளவு, நிறுத்தினாலும் உதவியாட்களின் ஒரு நாள் கூலி கட்டாயம் என்று வரிவரியாக இருக்கிறது. தெரிந்த எழுத்தர் ஒருவர் தட்டிக் கொடுத்தாராம். பேச வருகிறவர்களிடம் முதலில் அதை நீட்டுகிறார். கடை வைத்திருப்பவர்களும் ஆசிரியர்களும் வாசித்துப் பார்த்து, ஓரிரு வரியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிவிட்டுக் கையெழுத்து வைக்கிறார்கள். 'யோசிச்சுச் சொல்லுறம்' என்று எழும்பிப் போய் வேறு ஆளைப் பிடிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் பெரும்பாலும் ஐந்நூறு பேருக்கு மேல் சாப்பாடு பேச வந்தவர்கள்.